எட்டாம் லயத்துக்குக் கேட்க வேண்டிய சத்தம்

கொத்மலை
12 மே 2024

ஜெயதீபன் சேர் அவர்களுக்கு,

வாசிகசாலைக் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் நீங்கள் ஒட்டிவிட்டுப் போன தாளில் இந்த மின்னஞ்சல் முகவரி இருந்தது. "ஏதாவது பிரச்சினை என்றால் எழுதவும்" என்று முத்து முத்தாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் போன் நம்பரும் என்னிடம் இருக்கிறது. போனில் பேசினால் கத்திவிடுவேன் என்று பயந்துதான் எழுதுகிறேன்.

நேற்றுப் பகல் முழுக்க இங்கே மழை. பள்ளிக்கூடக் கூரையில் நீங்கள் பொருத்திய மழைமானி எண்பத்திரண்டு மில்லிமீட்டர் காட்டியது. எழுபத்தைந்தைத் தாண்டினால் கம்ப்யூட்டர் தானாகவே சைரன் போடும், ஐந்து ஒலிபெருக்கியிலும் கேட்கும், எட்டாம் நம்பர் லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற ஆட்கள் உடனே கோயில் மண்டபத்துக்கு ஏறிவிட வேண்டும் என்று கூட்டம் வைத்துச் சொன்னது நீங்கள்தான். லயத்துக்குப் பின்னால் இருக்கிற மேட்டில் வெடிப்பு விழுந்து ஆறு வருஷம் ஆகிறது. வேறு இடத்தில் வீடு கிடைக்கும் வரை அந்தச் சைரனை நம்பித்தான் முப்பத்தொரு பேர் அங்கே படுத்து எழும்புகிறோம். நானும் என் அம்மா மீனம்மாவும் அதில் இரண்டு பேர்.

சைரன் வரவில்லை சேர். அதே ஒலிபெருக்கியில் தினமும் ஓடுகிற அம்மன் பாட்டுத்தான் வந்தது. அம்மா இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து பாட்டுக்குத் தாளம் போட்டுக்கொண்டு இருந்தார். மழைத் தண்ணீர் ஓடுகிற கான் நிரம்பி வாசல் வரைக்கும் சேற்றுத் தண்ணீர் வந்த பிறகுதான் எனக்குச் சந்தேகமே வந்தது. மேடு அசையவில்லை, பிழைத்தோம்.

மழை விட்டதும் ஓடிப்போய்க் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். பதிவில் "3.10, எச்சரிக்கை ஒலித்தது" என்று இருக்கிறது. யாருக்கு ஒலித்தது?

ஜனவரியில் இடமாற்றம் கிடைத்ததும் ஒரு வார்த்தை சொல்லாமல் யாழ்ப்பாணம் போனீர்கள். அதைக் கேட்க இதை எழுதவில்லை. சைரனுக்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

நிலக்ஷி
(மூன்றாம் வகுப்பு ஆசிரியை, மறந்திருந்தால்)


யாழ்ப்பாணம்
13.05.2024

மதிப்புக்குரிய நிலக்ஷி ஆசிரியை அவர்களுக்கு,

தங்கள் மடல் கிடைத்தது. அனைவரும் நலம் என்பதில் மகிழ்ச்சி.

அந்த எச்சரிக்கை நிரலைக் கடந்த ஆண்டு நான் பதினான்கு தடவை சோதித்திருக்கிறேன். நீங்களே ஒரு தடவை காதைப் பொத்திக்கொண்டு நின்றீர்கள். ஒலித்தது என்று பதிவு சொல்கிறது என்றால் நிரல் தன் வேலையைச் செய்திருக்கிறது. குறை வேறெங்கோ இருக்க வேண்டும். வயரை எலி கடித்திருக்கலாம். அம்பிளிஃபையரைப் பாருங்கள். கிரிக்கெட் பார்க்க வருகிறவர்கள் கணினியில் எதையாவது மாற்றியிருக்கவும் கூடும். அறைக்குப் பூட்டுப் போடச் சொல்லிப் பல தடவை சொன்னேன்.

ஒரு வார்த்தை சொல்லாமல் போனேன் என்பது சரியல்ல. பள்ளி அதிபரிடம் சொன்னேன். ஆசிரியர் அறையில் தேநீர் வைத்தார்கள். நீங்கள்தான் வரவில்லை. "யாழ்ப்பாணத்து சேர்மார் எல்லாம் வந்தவங்க போறவங்கதானே" என்று அன்று நீங்கள் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். இரண்டரை வருடம் அங்கே வேலை செய்தவனுக்கு அது வலித்தது.

இப்படிக்கு,
சி. ஜெயதீபன்


கொத்மலை
14 மே 2024

சேர்,

எலி கடிக்கவில்லை. கடித்திருந்தால் பாட்டு எப்படி வரும்? பாட்டும் அதே வயரில்தான் வருகிறது.

பள்ளிக்கூடம் விட்டதும் மூன்று மணி நேரம் அந்தப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து நானே கண்டுபிடித்தேன். கம்ப்யூட்டரைப் போட்டவுடனே கோயில் பாட்டு தானாக ஆரம்பிக்கிறது அல்லவா? அப்போது ஒலி அமைப்பைத் திறந்து பார்த்தால் சவுண்ட் கார்டின் பெயரையே காணவில்லை. "டம்மி அவுட்புட்" என்று ஒன்றுதான் இருக்கிறது. சோதனைப் பொத்தானை அமுக்கினேன். திரையில் கோடு ஏறி இறங்குகிறது, ஒலிபெருக்கியில் மூச்சுக்கூட இல்லை. பாட்டை மூடிவிட்டுப் பொத்தானை மறுபடி அமுக்கினேன். சவுண்ட் கார்ட் வந்துவிட்டது, சைரன் கூரையைப் பிய்த்துக்கொண்டு கத்தியது. எட்டாம் லயத்துப் பேச்சியம்மா பாதி வழி ஏறி வந்துவிட்டு, "பொய்ச் சத்தமாடி இது?" என்று என்னைத் திட்டிவிட்டு இறங்கினார்.

ஆக, பாட்டு ஓடும்போது சைரன் ஊமை. பாட்டு காலையில் இருந்து ஓடிக்கொண்டே இருக்கிறது. யார் இப்படி வைத்தது? பாட்டுப் போடுகிற மென்பொருளின் அமைப்பில் ஒரு இடத்தில் சரி அடையாளம் போட்டிருக்கிறது. அதற்குப் பக்கத்தில் இருக்கிற இங்கிலீஷ் எனக்கு முழுதாக விளங்கவில்லை. நீங்கள் போன பிறகு யாரும் அதைத் திறக்கவில்லை, அது மட்டும் எனக்கு நிச்சயம்.

வந்தவங்க போறவங்க என்று நான் சொன்னது உண்மை. அப்படிச் சொன்னதில் பிழை இருப்பதாக இதுவரை தெரியவில்லை.

நிலக்ஷி


யாழ்ப்பாணம்
15.05.2024

நிலக்ஷி டீச்சர்,

அந்த அடையாளத்தைப் போட்டது நான்.

உங்கள் மடலைப் படித்த உடனேயே எனக்கு நினைவு வந்துவிட்டது. நேற்று இரவு முழுவதும் பதில் எழுதக் கை வரவில்லை.

மார்கழியில் காலைப் பாட்டு நடுவே கணினிக்கு ஏதாவது செய்தி வந்தால் 'டிங்' என்று ஒரு சத்தம் ஐந்து ஒலிபெருக்கியிலும் கேட்கும். கோயில் தலைவர் சிவசாமி ஐயாவுக்கு அது பிடிக்கவில்லை. "சாமி பாட்டுக்கு நடுவுல மணி அடிக்குதுங்க சேர், அதுவும் கோயில் மணி இல்லீங்க" என்று இரண்டு தடவை வந்து சொன்னார். ஒவ்வொரு சத்தமாகத் தேடி நிறுத்த எனக்குப் பொறுமை இருக்கவில்லை. பாட்டு மென்பொருள் சவுண்ட் கார்டை நேரடியாகத் தானே பிடித்துக்கொள்ளட்டும், வேறு எதையும் உள்ளே விட வேண்டாம் என்று வைத்தேன். டிங் நின்றது. சைரனும் நின்றுபோகும் என்று அப்போது யோசிக்கவே இல்லை.

லயத்துப் பைப்படியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் பைப்பிலேயே குழாயைச் செருகித் தன் வீட்டுக்கு இழுத்துவிட்டால் மற்றவர் குடத்தோடு சும்மா நிற்க வேண்டியதுதான். சரியான முறை, எல்லா மென்பொருளும் நடுவில் இருக்கும் ஒரு தொட்டியில் தங்கள் ஒலியை ஊற்றுவது. அந்தத் தொட்டிக்கு மட்டுமே சவுண்ட் கார்டோடு தொடர்பு. அந்தக் கணினியை இயக்கும் லினக்ஸில் அதற்கென்று ஒரு சேவை எப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது. கார்டு கிடைக்காதபோது அது டம்மி ஒன்றைக் காட்டி நிரலை ஏமாற்றிவிடும். அதனால்தான் ஒலித்தது என்று பதிவு எழுதியது.

தை முதலாம் திகதி பழையபடி மாற்றிவிடலாம் என்றுதான் இருந்தேன். அதற்கு முன்பே, ஜனவரி நான்காம் திகதி, அப்பா விழுந்துவிட்டார். இரண்டு சிறுநீரகமும் பழுது. கிழமைக்கு இரண்டு தடவை இரத்தம் சுத்திகரிக்க வேண்டும், நான் ஒரே பிள்ளை. மாற்றத்துக்குக் காரணம் அதுதான். யாரும் பரிதாபப்படுவதை விரும்பாமல் சொல்லவில்லை. அந்த அவசரத்தில் இதை மறந்தேன். நான்கு மாதம் முப்பத்தொரு பேரை ஊமைச் சைரனை நம்பிப் படுக்க வைத்திருக்கிறேன். என்னை மன்னியுங்கள் என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

செய்ய வேண்டியது: அந்த அடையாளத்தை எடுங்கள். அதற்கு மேலே இருக்கும் பட்டியலில் சவுண்ட் கார்டின் பெயரை விட்டு 'டிஃபோல்ட்' என்பதைத் தெரியுங்கள். கணினியை நிறுத்திப் போடுங்கள். பாட்டு ஓடும்போதே சோதனைப் பொத்தானை அமுக்குங்கள். தயவுசெய்து இன்றைக்கே.

ஜெயதீபன்


கொத்மலை
16 மே 2024

சேர்,

வேலை செய்கிறது! பாட்டும் சைரனும் ஒரே நேரத்தில். கேட்கச் சகிக்கவில்லை, நாய்கள் எல்லாம் ஊளையிட்டன. எனக்குக் கை தட்ட வேண்டும் போல் இருந்தது.

உங்கள் மேல் கோபம் இருக்கிறது, இல்லாமல் போகாது. நான்கு மாதம் அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கியதை நினைத்து நேற்று இரவு எழும்பி எழும்பி மேட்டைப் பார்த்தேன். ஆனால் எலி கடித்தது என்று சாதிக்காமல் நான்தான் என்று சொன்னீர்களே, அதற்காகப் பாதிக் கோபத்தைக் குறைத்துக்கொண்டேன். அப்பாவைப் பற்றி முதலிலேயே சொல்லியிருக்கலாம். நாங்கள் பரிதாபப்படுகிற ஆட்கள் இல்லை. கூட்டமாகக் கிளம்பி வந்து உங்கள் வீட்டுச் சாப்பாட்டைக் காலி பண்ணியிருப்போம், அவ்வளவுதான்.

இப்போது புதுத் தொல்லை. சைரன் சத்தம் கேட்டு சிவசாமி ஐயா வாசிகசாலைக்கே வந்துவிட்டார். நாளைக்குத் திருவிழாவுக்குக் காப்புக் கட்டுகிறார்கள். "காப்புக் கட்டிட்டா பத்து நாளைக்கு ஊருக்குள்ள கெட்ட சத்தம் கேக்கப்படாதுங்க டீச்சர். எழவு சொல்லக்கூட மைக்கு தர்றதில்ல. பத்து நாளைக்கு அந்தச் சைரனை அமத்தி வைங்க" என்கிறார். மழை காப்புக் கட்டியிருக்கிறதா என்று கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். கம்ப்யூட்டர் நம்முடையது, ஒலிபெருக்கி ஐந்தும் கோயிலுடையது. என்ன செய்ய?

நிலக்ஷி


யாழ்ப்பாணம்
17.05.2024

நிலக்ஷி டீச்சர்,

அவர் சொல்வதைக் கேட்க வேண்டாம். சைரன் இருக்கட்டும். உயிரை விடச் சம்பிரதாயம் பெரிதா? தேவை என்றால் நானே அவரிடம் தொலைபேசியில் பேசுகிறேன். வானிலை அறிக்கை இங்கே எனக்குப் பயமாக இருக்கிறது.

ஜெயதீபன்


கொத்மலை
19 மே 2024

சேர்,

நல்லவேளை, நீங்கள் அவரிடம் பேசவில்லை. பேசியிருந்தால் ஒலிபெருக்கியைக் கழற்றிக்கொண்டே போயிருப்பார். காப்புக் கட்டினால் கட்டினதுதான், நானும் கட்டியிருக்கிறேன். இரண்டரை வருஷம் இங்கே இருந்தும் உங்களுக்கு இது ஏறவில்லையே.

நான் அவர் வீட்டுக்குப் போனேன். தேத்தண்ணி குடித்துக்கொண்டே, "சைரன் வேணாம்ங்க, அப்ப எந்தச் சத்தம் வந்தா அம்மனுக்குக் குத்தமில்ல, நீங்களே சொல்லுங்க" என்று கேட்டேன். "தப்பு அடிக்கலாம். அது அம்மனுக்கு அடிக்கிறதுதானே" என்றார். அந்தக் காலத்தில் தோட்டத்து ஆட்களைத் தப்பு அடித்துத்தான் வேலைக்கு எழுப்பினார்களாம், தப்புச் சத்தத்துக்கு எழும்பாத கால் இங்கே கிடையாதாம். அவரே வாசிகசாலைக்கு வந்து ஒரு நிமிஷம் தப்பு அடித்தார். போனில் பதிவு பண்ணிச் சைரன் கோப்புக்குப் பதிலாக வைத்தேன். என்ன அடி சேர், ரோமம் நின்றது.

இன்றைக்குச் சோதனை. ஒருவரிடமும் முன்கூட்டிச் சொல்லவில்லை. பாட்டு ஓடிக்கொண்டிருக்கப் பொத்தானை அமுக்கினேன். தப்புச் சத்தம் வந்தது. மண்டபத்து வாசலில் நோட்டுப் புத்தகத்தோடு கால் மணி நேரம் நின்றேன். ஒரு ஆள் வரவில்லை.

கீழே போய்க் கேட்டால் பேச்சியம்மா சொல்கிறார், "ஏன் புள்ள, பாட்டோட மேளம் நல்லாத்தானே இருந்துச்சு. புதுப் பாட்டா?" திருவிழா நேரம், அம்மன் பாட்டு, அதோடு தப்பு. யாருக்குச் சந்தேகம் வரும்? என் அம்மா ஆடவே ஆடியிருக்கிறார்.

முதலில் பாட்டு யாரையும் உள்ளே விடவில்லை. இப்போது எல்லாரையும் சேர்த்துக்கொண்டு கூத்தடிக்கிறது. இதற்கு ஒரு வழி சொல்லுங்கள். மழைமானி நேற்று முப்பது காட்டியது.

நிலக்ஷி


யாழ்ப்பாணம்
20.05.2024

நிலக்ஷி டீச்சர்,

உங்கள் அம்மா ஆடியதைப் படித்து ஆஸ்பத்திரியில் அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். தாதி முறைத்தார். இந்த நான்கு மாதத்தில் அங்கே நான் சிரித்தது அதுதான் முதல் தடவை.

சிவசாமி ஐயா விடயத்தில் நீங்கள் செய்ததே சரி. எனக்கு அது தோன்றியிருக்காது.

வழி இருக்கிறது. தொட்டியில் ஊற்றும் ஒவ்வொரு ஒலிக்கும் இன்ன வகை என்று பெயர் கொடுக்கலாம். எச்சரிக்கைக்கு 'அறிவிப்பு' என்றும் பாட்டுக்கு 'இசை' என்றும் பெயர் வைத்து, அறிவிப்பு வரும்போது இசை தானாகவே அடங்கிவிட வேண்டும், அது முடிந்த பிறகே எழும்ப வேண்டும் என்று நடுவில் இருக்கும் சேவைக்குச் சொல்லிவிடலாம். இரண்டு கோப்புகளை இணைத்திருக்கிறேன். எந்த இடத்தில் வைப்பது என்று அவற்றின் மேலேயே தமிழில் எழுதியிருக்கிறேன். இங்கே என் கணினியில் ஆறு தடவை சோதித்தேன். ஆறு தடவையும் என் காதால் கேட்டேன், பதிவை நம்பவில்லை.

தப்போடு ஒரு மனிதக் குரலும் வைத்தால் நல்லது. யாருடைய குரல் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

ஜெயதீபன்


கொத்மலை
21 மே 2024

சேர்,

வைத்தாயிற்று. காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில் மேற்பார்வைக்கு நிற்கிற கண்டாக்கையா வாயைத் திறந்ததும் எல்லாரும் கப்சிப் ஆவோமே, பாட்டு அப்படியே அடங்குகிறது. அதன் மேல் தப்பு, தப்பின் மேல் சிவசாமி ஐயாவின் குரல். முப்பத்தொரு பேரும் ஒன்பது நிமிஷத்தில் மண்டபத்தில். பேச்சியம்மா கோழியையும் தூக்கிக்கொண்டு வந்தார்.

மேகம் கறுத்துக்கொண்டு வருகிறது. பிறகு எழுதுகிறேன்.

நிலக்ஷி


யாழ்ப்பாணம்
24.05.2024

நிலக்ஷி,

கொத்மலைப் பக்கம் மண்சரிவு என்று முகநூலில் பார்த்தேன். எந்தத் தோட்டம் என்று போடவில்லை. உங்களுக்கும் அதிபருக்கும் நேற்றிலிருந்து போன் எடுக்கிறேன், ஒருவருக்கும் லைன் போகவில்லை.

கோப்பில் ஏதாவது பிழை விட்டிருப்பேனோ என்று திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். பிழை தெரியவில்லை. மார்கழியிலும் எனக்குப் பிழை தெரியவில்லை.

ஒரு சொல் போதும். யாராவது எழுதுங்கள்.

ஜெயதீபன்


நாவலப்பிட்டி
26 மே 2024

ஜெயதீபன் சேர்,

இருக்கிறோம். முப்பத்தொரு பேரும் இருக்கிறோம். முதலில் இதைப் படித்துவிட்டு ஒரு மடக்குத் தண்ணீர் குடியுங்கள், பிறகு மீதியைப் படிக்கலாம்.

தோட்டத்தில் கரண்டும் இல்லை, சிக்னலும் இல்லை. இன்றைக்குத்தான் டவுனுக்கு வர பஸ் கிடைத்தது. ஒரு கடையில் இருந்து எழுதுகிறேன். உங்கள் கடிதத்தையும் இங்கேதான் பார்த்தேன். கடைக்காரப் பிள்ளைக்கு முன்னால் அழுதுவிட்டேன், பரவாயில்லை.

இருபத்துமூன்றாம் திகதி பால்குடம். மழையோடு மழையாகக் குடம் எடுத்துக்கொண்டு வந்தோம். கோயிலில் சாப்பாடு முடிந்து, நனைந்த அலுப்பில் எல்லாரும் லயத்துக்கு இறங்கிப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டார்கள். நானும்தான். பகல் மணி இரண்டு இருக்கும். கண் சொருகுகிற நேரத்தில் பாட்டு திடீரென்று அடங்கியது. அந்த அடங்கலே என்னை எழுப்பிவிட்டது. பிறகு தப்பு. பிறகு சிவசாமி ஐயாவின் குரல், "எட்டாம் லயத்து ஆளுங்க எல்லாம் மேல வாங்க! சாமான் எடுக்காதீங்க, புள்ளைங்கள எடுங்க, மேல வாங்க!" ஐந்து ஒலிபெருக்கியிலும் ஒரே குரல். ஐயா அப்போது மண்டபத்தில் கிடாரம் கழுவிக்கொண்டு இருந்தாராம். தன் குரலே தன்னைக் கூப்பிடுவதைக் கேட்டுக் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு, இறங்கி எங்களுக்கு எதிரே ஓடி வந்தார்.

இது சோதனையா நிஜமா என்று ஒருவரும் கேட்கவில்லை. என் அம்மா மட்டும் அரிசி வாளியைத் தூக்கப் போனார். "அம்மா, வாளியா நானா?" என்று கத்தினேன். போட்டுவிட்டு வந்தார்.

மண்டபத்தில் நோட்டை வைத்துக்கொண்டு பெயர் கூப்பிட்டேன். முப்பதுதான் இருந்தது. மறுபடி கூப்பிட்டேன், முப்பதுதான். பேச்சியம்மாவைக் காணோம். நானும் ஐயாவும் திரும்ப இறங்கக் கிளம்பினோம். அப்போது மடைப்பள்ளியில் இருந்து ஒரு சத்தம்: "என்னாடி எல்லாரும் திரும்பி வந்துட்டீங்க? இன்னொரு பந்தியா? நான் இங்கதானே பாத்திரம் தேய்க்கிறேன்." அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு என்னென்ன திட்டினேன் என்று எனக்கே நினைவில்லை. காப்புக் கட்டின வாயால் அப்படித் திட்டக்கூடாது என்று ஐயா பிறகு சொன்னார்.

இரண்டே முக்காலுக்கு மேடு வந்தது. பெரிய லொறி ஒன்று கல் கொட்டுகிற சத்தம், அவ்வளவுதான். லயத்தில் நான்காம் காம்பரா வீட்டில் இருந்து ஏழாம் காம்பரா வரைக்கும் இல்லை. எங்களுடையது ஐந்தாவது. நான் படுத்திருந்த இடத்தில் இப்போது ஒரு தேயிலைச் செடி வேரோடு நிற்கிறது.

எல்லாரும் பள்ளிக்கூடத்தில் இருக்கிறோம். மூன்றாம் வகுப்பில் நானும் அம்மாவும் இன்னும் நான்கு குடும்பமும். வீடு எப்போது, எங்கே என்று யாருக்கும் தெரியாது. அதற்காக இனிமேல் ஓட வேண்டும், ஓடுவேன். ஆனால் நேற்றுக் காலை வகுப்பு வகுப்பாகப் போய்த் தரையில் வரிசையாகத் தூங்கிக்கொண்டிருந்தவர்களை எண்ணிப் பார்த்தேன். என்னோடு சேர்த்து முப்பத்தொன்று சரியாக இருந்தது. இதை விட நிம்மதியாக ஒரு கணக்கை நான் போட்டதில்லை.

வந்தவங்க போறவங்க என்று சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். முழுதாக இல்லை. போனது போனதுதான். ஆனால் போன பிறகும் எங்களுக்காகச் சாப்பிடாமல் ஒருவர் உட்கார்ந்திருப்பார் என்று எனக்குத் தெரியாது. சாப்பிட்டிருக்க மாட்டீர்கள், எனக்குத் தெரியும். இப்போது போய்ச் சாப்பிடுங்கள்.

நிலக்ஷி


யாழ்ப்பாணம்
26.05.2024

நிலக்ஷி,

உங்கள் கடிதம் வந்தபோது அப்பாவுக்கு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவுக்குப் போய் நின்றுகொண்டு படித்தேன். முதல் வரிக்குப் பிறகு எழுத்துத் தெரியவில்லை. சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டேன். நான் அழுவதைப் பார்த்து யாரோ என் அப்பாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்துத் தோளில் கை வைத்தார்கள். இல்லை, நல்ல செய்தி என்று சொன்னேன். அவர்கள் நம்பவில்லை.

முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போனேன். அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தார். மூன்று நாளாக நான் போனைக் கையை விட்டு வைக்கவில்லை என்பது அவருக்குத் தெரியும். ஏன் என்று நான் சொல்லவில்லை, மலையில் மண்சரிவு என்று மட்டும் சொல்லியிருந்தேன்.

"என்னடா தம்பி, அங்க ஆக்கள் எல்லாம் இருக்கினமோ?" என்று கேட்டார்.

"இருக்கினம் அப்பா. எல்லாரும் இருக்கினம்" என்றேன்.

ஜெயதீபன்